டின் போகுது, படம் வரலை: மாம்பழக்கூழ் லைனில் கேமரா டிரிகர் பிழையைத் தேடும் வழி

குடியாத்தத்திலிருந்து பரதராமி செக்போஸ்ட்டைத் தாண்டினால் ஆந்திரா. சித்தூர் போகும் அந்தச் சாலையில் ஜூன், ஜூலையில் போனவர்களுக்குத் தெரியும், கூழ் ஃபேக்டரி வாசல்களில் மாங்காய் டிராக்டர்கள் எவ்வளவு தூரத்துக்கு வரிசைகட்டி நிற்கும் என்று. நாம் கிளிமூக்கு என்போம், பெங்களூரா என்போம்; அந்தப் பக்கம் அது தோதாபுரி. சீசன் இரண்டு மூன்று மாதம்தான். லைன் ஒரு மணி நேரம் நின்றாலும் வாசலில் நிற்கிற வண்டியில் பழம் கனிந்து வடிய ஆரம்பித்துவிடும். அந்த அவசரத்தில்தான் எனக்குப் போன் வரும்: "சார், டின் போகுது, கேமராவில் படம் வரலை."

பேசப்போகிற லைனை முதலில் சொல்லிவிடுகிறேன், கணக்கெல்லாம் அதை வைத்துத்தான். 3.1 கிலோ கூழ் பிடிக்கும் ஏ10 டின். விட்டம் சுமார் 157 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 60 டின், ஒரு டின்னுக்கும் அடுத்ததற்கும் மையத்துக்கு மையம் 300 மில்லிமீட்டர். அப்படியானால் பெல்ட் வேகம் நிமிடத்துக்கு 18 மீட்டர், அதாவது ஒரு மில்லிசெகண்டுக்கு 0.3 மில்லிமீட்டர். மேலே தொங்குவது 5 மெகாபிக்சல் கிக்-ஈ விஷன் கேமரா, அதாவது நெட்வொர்க் வயரில் படம் அனுப்பும் வகை. மூடியில் அடித்த பேட்ச் நம்பரையும் தேதியையும் படிப்பது அதன் வேலை. பக்கவாட்டில் ஒரு ஃபோட்டோ சென்ஸர். டின் குறுக்கே வந்ததும் சென்ஸர் கேமராவுக்கு 24 வோல்ட் கொடுக்கும் (இதுதான் டிரிகர்), கேமரா ஒரு படம் எடுக்கும், படம் நெட்வொர்க் வயர் வழியே கம்ப்யூட்டருக்குப் போகும். அவ்வளவுதான் கதை.

எதையும் தொடுவதற்கு முன்னால் எண்ணுங்கள். ஃபேக்டரி கேட்டில் ஒரு நோட்டு, எடைமேடையில் ஒரு சீட்டு, இறக்குமிடத்தில் ஒரு கணக்கு என்று மாங்காய்க்கு மூன்று இடத்தில் பதிவு இருக்கும். எந்த இரண்டுக்கு நடுவே கணக்கு உதைக்கிறதோ, சரக்கு காணாமல் போனது அங்கேதான். கேமராவுக்கும் அதே மூன்று கணக்கு உண்டு. சென்ஸர் எத்தனை டின் பார்த்தது என்பது பிஎல்சி (லைனை ஓட்டும் கன்ட்ரோலர்) கவுன்ட்டரில் இருக்கும்; இல்லாவிட்டால் ஒருவரை நிறுத்தி எண்ணச் சொல்லுங்கள். கேமரா எத்தனை படம் எடுத்தது என்பது ஒவ்வொரு படத்தோடும் வரும் ஃபிரேம் எண்ணில் தெரியும். சாஃப்ட்வேர் எத்தனை படம் சேமித்தது என்பது ஃபோல்டரில். 50 டின் ஓடவிட்டு மூன்றையும் எழுதுங்கள். முதல் இரண்டு ஒத்துப்போகாவிட்டால் கோளாறு வயரிலோ டிரிகர் செட்டிங்கிலோ, அல்லது டிரிகர் வந்தபோது கேமரா தயாராக இல்லை. பின் இரண்டு ஒத்துப்போகாவிட்டால் நெட்வொர்க்கிலோ கம்ப்யூட்டரிலோ. இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யாமல் கேமராவைக் கழற்றி மாற்றியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் ஒருமுறை மாற்றியிருக்கிறேன்.

படமே வரவில்லை. டிரிகரை அணைத்தால் மட்டும் வருகிறது

டிரிகர் மோடை ஆஃப் செய்ததும் கேமரா பாட்டுக்குப் படம் எடுத்துத் தள்ளுகிறது என்றால் லென்ஸ், நெட்வொர்க், கம்ப்யூட்டர் எல்லாம் நலம். டிரிகர்தான் போய்ச் சேரவில்லை. அடுத்து டிரிகர் மோடை ஆன் செய்து, டிரிகர் சோர்ஸை சாஃப்ட்வேர் என்று வைத்து, சாஃப்ட்வேர் டிரிகர் பட்டனை அழுத்துங்கள். படம் வந்தால் மீதி இருப்பது வயர். வராவிட்டால் கேமராவின் செட்டிங்.

செட்டிங்கில் எல்லோரும் விழுகிற குழி டிரிகர் செலக்டர். இது ஒற்றை ஸ்விட்ச் இல்லை. ஃபிரேம் ஸ்டார்ட்டுக்குத் தனியாக ஓர் ஆன்/ஆஃப், அக்விசிஷன் ஸ்டார்ட்டுக்குத் தனியாக ஓர் ஆன்/ஆஃப், சில மாடல்களில் ஃபிரேம் பர்ஸ்ட் ஸ்டார்ட்டுக்கும் இன்னொன்று. ஒரே பெட்டிக்குள் மூன்று சுவிட்ச் மறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் ஒரு சமயத்தில் ஒன்றுதான் தெரியும். யாரோ எப்போதோ அக்விசிஷன் ஸ்டார்ட்டை ஆன் செய்து, சோர்ஸை சாஃப்ட்வேரில் விட்டுப் போயிருப்பார்கள். நீங்கள் ஃபிரேம் ஸ்டார்ட்டை எவ்வளவு சரியாக வைத்தாலும் கேமரா அந்த முதல் அனுமதிக்காகக் காத்துக்கொண்டே நிற்கும். செலக்டரில் உள்ள ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். ஃபிரேம் ஸ்டார்ட் மட்டும் ஆன், மற்றதெல்லாம் ஆஃப்.

இனி வயர். டிரிகர் சோர்ஸில் லைன் 1 என்று இருக்க, வயர் வேறொரு லைனில் போயிருப்பது சாதாரணம். கேமராவின் லைன் செலக்டரில் ஒவ்வொரு லைனாகத் தேர்ந்தெடுத்து லைன் ஸ்டேட்டஸைப் பாருங்கள். ஒருவர் சென்ஸரைக் கையால் மறைக்க வேண்டும். சும்மா ஆட்டிக் காட்டினால் போதாது, இரண்டு மூன்று விநாடி மறைத்தபடி நிற்க வேண்டும். திரை அவ்வப்போதுதான் புதுப்பிக்கும், சின்னத் துடிப்பு கண்ணில் படாது. எந்த லைன் மாறுகிறதோ அதுதான் உங்கள் லைன். எதுவுமே மாறாவிட்டால் மல்ட்டிமீட்டரை எடுங்கள்.

போன சீசனில் ஒரு ஃபேக்டரியில் லைன் ஆபரேட்டர் தம்பி சென்ஸரைக் காட்டி, "லைட்டு வெலகட்லேது அன்னா" (விளக்கு எரியவில்லை அண்ணா) என்றான். சென்ஸர் விளக்கு எரிகிறதே என்று நான் பார்த்தால், அவன் சொன்னது கேமராவின் பின்னால் இருக்கிற விளக்கை. அவன் சொன்னதுதான் சரியான துப்பு. சென்ஸரின் கறுப்பு வயர் கேமராவின் ஆப்டோ இன்புட்டுக்குப் போயிருந்தது, 24 வோல்ட்டும் வந்துகொண்டிருந்தது. ஆனால் ஆப்டோ கிரவுண்டு வயர் கனெக்டருக்குள் வெறுமனே டேப் சுற்றிக் கிடந்தது. பேனல் வேலை செய்தவர் சொன்ன காரணம்: "இது பிஓஇ கேமரா சார், பவர் நெட்வொர்க் வயரிலேயே வந்துடுது, தனியா கிரவுண்டு எதுக்கு?" கேமராவுக்குச் சாப்பாடு நெட்வொர்க் வயரில் வருவது உண்மை. ஆனால் ஆப்டோ இன்புட் என்பது உள்ளே ஒரு சின்ன எல்இடி. அது கேமராவின் மற்ற சர்க்யூட்டோடு மின்தொடர்பே இல்லாமல் தனித்திருக்கும். அதற்குள் போன கரன்ட் திரும்பி வர வழி வேண்டும். சென்ஸரின் நீல வயர், அதாவது 0 வோல்ட், ஆப்டோ கிரவுண்டில் சேர்ந்தே ஆக வேண்டும். சேர்த்ததும் விளக்கு எரிந்தது.

ஆகவே மீட்டரை வைக்கும்போது ஒரு முனையை பேனல் பாடியில் வைக்காதீர்கள். ஆப்டோ இன்புட்டுக்கும் ஆப்டோ கிரவுண்டுக்கும் நடுவே அளவெடுங்கள். சென்ஸர் செயல்படும்போது 24 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும், விட்டதும் பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும்.

சென்ஸர் வாங்கும்போது பிஎன்பி வகையாகப் பாருங்கள். என்பிஎன் சென்ஸர் 24 வோல்ட் கொடுக்காது, 0 வோல்ட்டுக்கு இழுக்கும். கூடுதல் ரெசிஸ்டர் போட்டு அதையும் வழிக்குக் கொண்டுவரலாம், ஆனால் சீசன் நடுவில் அந்த வித்தையெல்லாம் வேண்டாம், சென்ஸரை மாற்றிவிடுங்கள். இன்னொன்று: பல கேமராக்களில் ஆப்டோ இன்புட்டுக்குப் பக்கத்திலேயே ஜிபிஐஓ என்று ஒரு பின் இருக்கும். அது 3.3 வோல்ட் உலகம். அதில் 24 வோல்ட்டைத் தொட்டால் கேமரா கெட்டுப்போகலாம். கேபிள் வயரின் நிறத்தை நம்பாதீர்கள், ஒவ்வொரு கேபிள் கம்பெனிக்கும் நிறம் வேறு. கேமரா படத்தில் பின் எண்ணைப் பாருங்கள்.

முதல் படம் வந்தது, அதோடு நின்றுவிட்டது

அக்விசிஷன் மோடு சிங்கிள் ஃபிரேமில் இருக்கிறது. கன்டினியூயஸ் என்று மாற்றுங்கள். பத்துக்கு ஒன்பது முறை இவ்வளவுதான்.

ஒரு டின்னுக்கு இரண்டு படம்

இரண்டு படங்களின் நேர முத்திரையை எடுத்துக் கழித்துப் பாருங்கள். இடைவெளிதான் சாட்சி.

நம் லைனில் ஒரு டின் சென்ஸரைக் கடக்க 157-ஐ 300-ஆல் வகுத்தால் 0.52 விநாடி. ஒவ்வொரு ஜோடியும் கிட்டத்தட்ட அரை விநாடி இடைவெளியில் வந்தால், டின்னின் முன்விளிம்புக்கு ஒரு படம், பின்விளிம்புக்கு ஒரு படம். டிரிகர் ஆக்டிவேஷன் எனி எட்ஜ் என்று இருக்கும். ரைசிங் எட்ஜ் ஆக்கினால் தீர்ந்தது.

இடைவெளி டின்னுக்கு டின் மாறுகிறது, ஆனால் அந்த அரை விநாடிக்குள்தான் இருக்கிறது என்றால் சென்ஸர் டின்னைப் பார்த்து ஏமாறுகிறது. டின் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும். எதிரே ரிஃப்ளெக்டர் வைத்த சென்ஸருக்கு, டின்னின் பளபளப்பே ரிஃப்ளெக்டராகத் தெரியும். டின் நடுவில் ஒரு கணம் 'டின் இல்லை' என்று சொல்லி மறுபடி 'இருக்கிறது' என்னும். போலரைஸ்டு ஃபில்டர் உள்ள சென்ஸர் இதற்கென்றே இருக்கிறது. அல்லது எதிரெதிரே வைக்கும் த்ரூ-பீம் வகை.

டின்னே இல்லாதபோதும் படம் வந்தால் அது இரைச்சல். பெல்ட் மோட்டாரின் டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிளும் சென்ஸர் கேபிளும் ஒரே டிரேயில் கட்டிப் போட்டிருக்கிறார்களா பாருங்கள். ஒரு சோதனை: பெல்ட்டை நிறுத்தி, டிரைவ் பவரையும் எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். பேய்ப் படம் ஒன்றும் வராமல், டிரைவ் ஓடும்போது மட்டும் வந்தால் ஆள் அதுதான். கேபிளைப் பிரித்துத் தனி வழியில் கொண்டுபோங்கள், ஷீல்டு உள்ள கேபிள் போடுங்கள். இதுதான் மருந்து. அதற்கு மேல் கேமராவில் டீபவுன்ஸர் என்று ஒரு செட்டிங் உண்டு. நீங்கள் கொடுத்த நேரத்தை விடச் சின்னத் துடிப்பை அது கண்டுகொள்ளாது. 1000 மைக்ரோசெகண்ட் வைத்தால் டிரிகர் ஒரு மில்லிசெகண்ட் தாமதமாகும், டின் 0.3 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் நல்லதுதானே என்று 20,000 வைத்துவிட்டு, பிஎல்சி கொடுக்கிற துடிப்பே 10 மில்லிசெகண்டுதான் என்றால் ஒரு படமும் வராது. முதல் பிரச்சினைக்கே திரும்பிவிடுவீர்கள்.

ரிலே அவுட்புட் பிஎல்சி வழியாக டிரிகர் கொடுப்பவர்களுக்கு ஒரு விசித்திரம். ரிலே முள் துள்ளுவது சில மில்லிசெகண்டுக்குள். அதற்குள் இன்னொரு படம் எடுக்கக் கேமராவால் முடியாது. ஆகவே இரண்டு படம் வராது, ஒன்றுதான் வரும். தவறிய டிரிகர் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போகும். படம் எல்லாம் சரியாக வந்திருக்க, இந்த எண் மட்டும் ஏறுகிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். டிரான்சிஸ்டர் அவுட்புட்டுக்கு மாறுங்கள்.

நடுநடுவே ஒரு டின்னுக்குப் படம் இல்லை

ஆரம்பத்தில் சொன்ன மூன்று கணக்கு இங்கேதான் காசு கொடுத்தாலும் கிடைக்காத உதவி செய்யும்.

கண்ணால் எண்ணிய டின்னை விட சென்ஸர் கணக்கே குறைவு என்றால் டின்கள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. டின்னுக்கு மூடி போட்டு அடைக்கும் மெஷினான சீமர் ஒருமுறை நின்று மறுபடி ஓடினால் பின்னால் டின்கள் தோளோடு தோள் இடித்து வரும். இரண்டு டின் தொட்டுக்கொண்டால் குறுக்கே போகும் ஒளிக்கற்றைக்கு நடுவில் வெளிச்சம் தெரியவே தெரியாது. ஐந்து டின் வந்தாலும் சென்ஸருக்கு அது ஒரே நீள டின். ஒரு எட்ஜ், ஒரு படம். இதைக் கேமரா செட்டிங்கில் தீர்க்க முடியாது. கேமராவுக்கு முன்னால் சற்று வேகமாக ஓடும் இன்னொரு பெல்ட் வைத்து டின்களைப் பிரிக்க வேண்டும். மெக்கானிக்கல் ஆட்களிடம் இதைச் சொன்னால் முகம் சுருங்கும், பரவாயில்லை.

சென்ஸர் கணக்கு சரி, கேமரா எடுத்த எண்ணிக்கை குறைவு என்றால், டிரிகர் வந்தபோது கேமரா தயாராக இல்லை. ஒரு படத்தை முடிக்காமல் அடுத்த டிரிகரை அது ஏற்காது, வரிசையில் வைத்தும் கொள்ளாது, உதறிவிடும். கேமராவில் ரிசல்ட்டிங் ஃபிரேம் ரேட் என்று ஓர் எண் இருக்கும். இப்போதுள்ள செட்டிங்கில் விநாடிக்கு அதிகபட்சம் எத்தனை படம் முடியும் என்பதைச் சொல்வது அதுதான். 5 மெகாபிக்சல் கறுப்பு-வெள்ளைப் படம் 5 மெகாபைட். கிகாபிட் வயரில் விநாடிக்கு 115 மெகாபைட் வரை போகும் என்று வைத்தால் 23 படம். நமக்கு வேண்டியது விநாடிக்கு ஒன்று, கொட்டிக் கிடக்கிறது.

கொட்டிக் கிடக்கவில்லை என்று ஒரு இடத்தில் தெரிந்தது. அங்கே சின்ன டின்னுக்கு மாறி, நிமிடத்துக்கு 160 ஓட்டியபோது மட்டும் படங்கள் விட்டுப்போயின. ஏ10 ஓடும்போது ஒரு குறையும் இல்லை. விண்டோஸில் நெட்வொர்க் கார்டின் ஸ்டேட்டஸைத் திறந்தால் வேகம் 100 எம்பிபிஎஸ் என்று இருந்தது. கிகாபிட்டுக்கு வயரில் நான்கு ஜோடியும் வேண்டும்; 100-க்கு இரண்டு ஜோடி போதும். ஆர்ஜே45 கிரிம்ப்பில் ஒரு வயர் பிடிக்காததால் இரு பக்கமும் பேசி 100-க்கு இறங்கி வந்திருந்தன. அந்த வேகத்தில் ஒரு படம் போக 0.43 விநாடி. நிமிடத்துக்கு 60-க்கு அது தாராளம். 160 டின்னில் டிரிகர் 0.375 விநாடிக்கு ஒருமுறை வருகிறது, முடியாது. புது கிரிம்ப், பத்து ரூபாய் வேலை. அதற்குள் இரண்டு நாள் 'கேமரா ஸ்லோ' என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வேறு காரணம் ஏதும் தெரியாத இடத்தில் முதலில் லிங்க் வேகத்தைப் பாருங்கள்.

கேமரா எடுத்தது சரி, கம்ப்யூட்டருக்கு வந்தது குறைவு என்றால், அல்லது படத்தில் கீழ்ப்பாதி கறுப்பாக, பட்டை பட்டையாக வந்தால் பாக்கெட் தொலைகிறது. சிசிடிவி, வருகைப்பதிவு மெஷின், ஆபீஸ் பிரின்டர் எல்லாம் தொங்குகிற ஸ்விட்சில் கேமராவையும் சொருகியிருப்பார்கள். கேமராவுக்கென்று தனி நெட்வொர்க் கார்டு, நேர் வயர். ஜம்போ ஃபிரேம் (ஒரு பாக்கெட்டின் அளவு) 9000, கார்டின் ரிசீவ் பஃபர் அதிகபட்சம், மின்சிக்கன ஈதர்நெட் ஆஃப், அந்தக் கார்டில் ஃபயர்வால் குறுக்கே வராமல் அனுமதி. நடுவே ஸ்விட்ச் இருந்தால் அதிலும் ஜம்போ ஆன் ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றுமே வராது.

ஒரு வேடிக்கை. கிக்-ஈ விஷன் முதல் பதிப்பின்படி வேலை செய்யும் கேமராக்களில் ஃபிரேம் எண் 65,535 வரை போய் மறுபடி 1-க்கு வரும். நிமிடத்துக்கு 60 டின் என்றால் 18 மணி நேரம். நிற்காமல் ஓடுகிற சீசன் லைனில், 'நேற்று இரவு திடீரென்று அறுபதாயிரம் படம் தொலைந்தது' என்று ரிப்போர்ட் வந்தால் பயப்படாதீர்கள். ஒன்றும் தொலையவில்லை, சாஃப்ட்வேர் எழுதியவர் கழித்தலில் தவறிவிட்டார்.

எல்லா டின்னுக்கும் படம் உண்டு, ஆனால் டின் ஒவ்வொரு படத்திலும் வேறு இடத்தில்

டிரிகர் தாமதம் நிலையாக இல்லை. தாமதம் இருப்பது தப்பில்லை. எப்போதும் ஒரே அளவாக இருந்தால் டிரிகர் டிலேயிலோ சென்ஸரை நகர்த்தியோ சரிசெய்துவிடலாம். ஆடினால்தான் வம்பு. டின் எவ்வளவு ஆடுகிறது என்று மில்லிமீட்டரில் அளந்து 0.3-ஆல் வகுங்கள், மில்லிசெகண்ட் கிடைக்கும். 3 மில்லிமீட்டர் ஆட்டம் என்றால் 10 மில்லிசெகண்ட்: பிஎல்சியின் ஸ்கேன் நேரம் அந்த அளவில் இருக்கும். சென்ஸரைப் பிஎல்சிக்குக் கொடுத்து, பிஎல்சி கேமராவுக்குக் கொடுக்கிற ஏற்பாடு இது. சென்ஸரை நேரே கேமராவுக்குக் கொடுங்கள், பிஎல்சிக்கு இன்னொரு கிளை போகட்டும். 20, 30 மில்லிமீட்டர் ஆட்டம் என்றால் கம்ப்யூட்டரே சாஃப்ட்வேர் டிரிகர் கொடுக்கிறது. விண்டோஸ் அந்த நேரத்தில் வேறு என்ன வேலையில் இருந்ததோ அதைப் பொறுத்துப் படம். ஓடுகிற பெல்ட்டுக்கு சாஃப்ட்வேர் டிரிகர் ஆகாது. அது டேபிளில் வைத்துச் சோதிக்க.

ஒரு பக்கமாக மட்டும், பெல்ட் வேகம் மாறும்போது மட்டும் நகர்ந்தால் காரணம் வேறு. டிலேயை மைக்ரோசெகண்டில் கொடுத்திருக்கிறீர்கள், வேகம் மாறியதும் அதே நேரத்தில் டின் வேறு தூரம் போகிறது. டின் கேமராவுக்கு நேர் கீழே வரும்போது அதன் முன்விளிம்பு இருக்கும் இடத்துக்குச் சென்ஸரைக் கொண்டுவந்து டிலேயைப் பூஜ்யமாக்குவது எளிய வழி. முடியாவிட்டால் பெல்ட் நகர்ந்த தூரத்தை அளக்கும் என்கோடர்.

எழுத்து இழுவியது போல, அல்லது ஒரு படம் வெளிச்சம், ஒரு படம் இருட்டு

200 மில்லிமீட்டர் அகலத்தை 2448 பிக்சலில் பார்த்தால் ஒரு பிக்சல் 0.08 மில்லிமீட்டர். ஒரு பிக்சலுக்கு மேல் இழுவக் கூடாதென்றால் எக்ஸ்போஷர் 270 மைக்ரோசெகண்டுக்குள் இருக்க வேண்டும். பெரும்பாலும் 5000, 10,000 என்று வைத்திருப்பார்கள், டின் நின்றபோது பார்த்து வைத்தது. எக்ஸ்போஷரைக் குறைத்தால் படம் இருளும். அதற்கு லைட் கூட்ட வேண்டும், கெயினைக் கூட்டிச் சமாளிக்கப் பார்த்தால் எழுத்தெல்லாம் மணல் தூவியது போலாகும். எழுத்து இழுவாமல் சாய்ந்து தெரிந்தால் கேமரா படத்தை வரிவரியாக எடுக்கும் ரோலிங் ஷட்டர் வகை. முழுப் படத்தையும் ஒரே நேரத்தில் எடுக்கும் குளோபல் ஷட்டர்தான் இந்த வேலைக்கு.

வெளிச்சம் மாறி மாறி வந்தால் முதலில் ஆட்டோ எக்ஸ்போஷரை அணையுங்கள். அப்படியும் மாறினால் கூரை விளக்கைப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சாதாரண விளக்கு விநாடிக்கு 100 முறை மங்கி எழும். 10 மில்லிசெகண்ட் சுற்றில் உங்கள் 270 மைக்ரோசெகண்ட் எங்கே விழுகிறதோ அதுதான் வெளிச்சம். கேமராவைச் சுற்றி மறைப்பு கட்டி, டிசி லைட்டோ ஸ்ட்ரோபோ போடுங்கள். ஸ்ட்ரோபுக்கு கேமராவின் அவுட்புட் லைனில் எக்ஸ்போஷர் ஆக்டிவ் சிக்னலை எடுத்து ஸ்ட்ரோப் கன்ட்ரோலருக்குக் கொடுக்க வேண்டும். லைட்டையே அந்த லைனில் நேராகத் தொங்கவிட்டால் கேமராவின் அவுட்புட் கருகும். அது சில பத்து மில்லியாம்பியர் தாங்குகிற நோஞ்சான்.

கரன்ட் போய் வந்தால் டிரிகர் மறந்துபோகிறது

நேற்று ராத்திரி வரை ஓடியது, ஜெனரேட்டருக்கு மாறியதும் கேமரா ஃப்ரீ ரன்னில், அதாவது டிரிகருக்குக் காத்திராமல், ஓடுகிறது. நீங்கள் வைத்த செட்டிங் எல்லாம் கேமராவின் தற்காலிக நினைவில் இருந்தவை. யூசர் செட் 1-இல் சேவ் செய்தேனே என்பார்கள். சேவ் செய்தால் பாதிதான் முடிந்தது. கரன்ட் வந்ததும் எந்த செட்டை எடுக்க வேண்டும் என்று யூசர் செட் டிஃபால்ட்டில் சொல்லவில்லை, அங்கே இன்னும் கம்பெனி செட் நிற்கிறது. இரண்டையும் செய்துவிட்டு, பிஓஇ வயரை உருவி மறுபடி சொருகிப் பார்த்தபின்தான் கிளம்புங்கள். ஐபி முகவரியையும் பர்சிஸ்டன்ட் ஆக்குங்கள். இல்லாவிட்டால் கேமரா எழும்போது 169.254-இல் தொடங்கும் ஏதோ ஒரு முகவரியில் போய் உட்கார்ந்துகொள்ளும், சாஃப்ட்வேர் பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்.

சாஃப்ட்வேர் அப்படியும் கேமராவைத் திறக்க மறுத்தால், யாராவது கேமரா வியூவரைத் திறந்து வைத்திருக்கிறார்களா பாருங்கள். கன்ட்ரோல் ஒருவர் கையில்தான் இருக்க முடியும். பரதராமி தாண்டி வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது எனக்கு வந்த போன்களில் பாதி இதற்குத்தான். திறந்து வைத்துவிட்டு வந்தது நானேதான்.